டொப்பாசு வெள்ளையன்

என் மைத்துனன் வெள்ளையன் இறந்து இரண்டு வருஷமாகிறது. என் சம்சாரம் அலமேலுவின் உடன்பிறந்த தம்பி அவன். அவளுக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் காலராவில் போய்விட்டதால், எங்கள் கல்யாணத்தன்று பித்தளைக் குடம், பாய், தலையணையோடு ஏழு வயதுப் பிள்ளையாக அவனும் மாட்டு வண்டியில் ஏறி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மாமனார் வீட்டுச் சீரிலேயே உருப்படியானது இவன்தான் என்று நான் அப்போது வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை தெரிந்து சொல்லக்கூடியவன் இப்போது நான் ஒருவன்தான். அலமேலுவுக்குத் தெரியும், அவள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நான் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலையில் நாற்பது வருஷம் இருந்தவன். மூன்றாம் வகுப்புவரை தமிழ் படித்தேன். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் மட்டும். என் எழுத்து நிதானமான எழுத்து, வாசிப்பும் அப்படித்தான். கூட்டி வாசித்துப் பொருள் பிடிக்க நேரமாகும். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாமே ஒரு சொல்லை வாசித்ததில் வந்த வினை.

வெள்ளையன் துறைமுக ஜெட்டியில் சம்பான் என்கிற சின்னப் படகு தள்ளிக்கொண்டிருந்தான். கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் விடுவான். 1914இல் எம்டன் கப்பல் வந்து ருஷ்யாக்காரன் கப்பலைச் சுட்டு மூழ்கடித்த அந்த விடிகாலையில், தண்ணீரில் தத்தளித்த ஆட்களைத் தூக்கிச் சம்பானில் போட்டவர்களில் அவனும் ஒருவன். வீட்டுக்கு வந்தபோது அவன் சட்டையெல்லாம் எண்ணெயும் ரத்தமும். சாப்பிடவில்லை. “அக்கா, ஒரு ஆளு என் கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ கேட்டான். பாஷை தெரியல. கரைக்கு வர்றதுக்குள்ள போயிட்டான்” என்றான். அதன்பிறகு அவனுக்குச் சம்பானில் மனம் நிற்கவில்லை. மானுவாரில் சேரப்போகிறேன் என்றே பேச்சு. மானுவார் என்றால் சண்டைக் கப்பல். அப்போது ஜெட்டியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த வருஷம் பங்குனியில் பட்டாளத்துக்காக எடுத்த ஒரு கப்பலில் ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

நான்கு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. அவனுக்கு எழுதத் தெரியாது. அதே கப்பலில் சமையல்காரராக இருந்த நம் பினாங்குக்காரர் கமாலுதீன் என்பவர் அவன் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். முக்கியமான இடம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

“கிருபையுள்ள அத்தான் அவர்களுக்கும் அக்காளுக்கும் வெள்ளையன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. நான் சுகம். டெக்கில் இடமில்லை என்று சொல்லி எனக்கு டொப்பாசு வேலை கொடுத்திருக்கிறார்கள். முதலில் மனசு ஒப்பவில்லை. அக்காளும் நீங்களும் என்ன நினைப்பீர்களோ என்றுதான் யோசனையாக இருக்கிறது.”

அதற்கடுத்த இரண்டு வரியைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். சண்டைக்காலக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்து அப்படி அடித்துவிடுவது வழக்கம்.

எழுத்து பழைய கை எழுத்து. புள்ளி கிடையாது, ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு வித்தியாசமும் கிடையாது. ‘டொபபாசு’ என்று இருந்தது. எவ்வளவு கூட்டிப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. துறைமுகத்தில் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். நான் கேட்டது பக்கத்து வீட்டு விநாசித்தம்பியரை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கவர்ன்மெண்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. இங்கிலீஷ் தெரிந்த மனுஷர், பத்திரிகை வாசிக்கிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“முத்துவீரப்பர், இது தமிழ்ச் சொல்லு இல்லை. இங்கிலிசு. டொப் பாஸ். டொப் எண்டால் உச்சி. பாஸ் எண்டால் தெரியுந்தானே. உங்கடை மச்சான் சோதினையிலை முதலாவதாப் பாஸ் பண்ணியிருக்கிறான்” என்றார்.

நாங்கள் டாக்டர் என்பதை அவர்கள் டொக்டர் என்பார்கள், ஆபீசை ஒபீஸ் என்பார்கள். அதனால் டொப் என்று எழுதியிருந்தது அவர் கண்ணுக்குச் சரியாகவே பட்டது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம்.

“பாஸ் பண்ணினவன் ஏன் ஐயா மனசு ஒப்பலைன்னு எழுதணும்?”

“பொறுப்பான உத்தியோகம், பயம் வராதோ? நான் பாஸ் பண்ணி வேலைக்கு வந்த புதிதிலை மூண்டு நாள் நித்திரை இல்லை.”

“இந்த ரெண்டு வரி?”

“அது ரகசியம். சின்ன உத்தியோகமெண்டால் ஏன் மை பூசப்போகினம்?”

அதோடு என் சந்தேகம் தீர்ந்தது. தீரவேண்டும் என்று நானும் விரும்பினேன். அலமேலு ராணித் தெரு மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் துணியை அளந்துகொண்டே, மைத்துனன் மானுவாரில் டாப் பாஸ் ஆகிவிட்டான் என்று சொன்னேன். பெரும்பாலோர் சந்தோஷப்பட்டார்கள். ஜெட்டிப் பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று வெள்ளையனுக்கு நான் எழுதிய பதிலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும். “டொப்பாசு வேலை கிடைத்த சங்கதி கண்டு நாங்கள் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது. உன்னால் நம் குடும்பத்துக்கே பெருமை. தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். யார் என்ன சொன்னாலும் அந்த வேலையை விட்டுவிடாதே. உன் அக்காள் உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கிறாள்.”

அதன்பிறகு மூன்று வருஷத்தில் ஒன்பது கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் டொப்பாசு வேலை நன்றாக நடக்கிறது, பழகிவிட்டது, காயம்பட்டவர்கள் நிறைய வருகிறார்கள் என்று இருக்கும். ஒருமுறை கடிதத்துக்குள் கறுப்புப் பட்டு நாடா ஒன்று மடித்து வைத்திருந்தது. மானுவார்க்காரர்கள் தொப்பியில் கட்டுகிற நாடா. தங்க நூலில் இங்கிலீஷ் எழுத்து. இது என்ன ஏது என்று எழுதியிருந்த வரி கறுப்பு மைக்குள் போய்விட்டது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். என் மைத்துனன் தொப்பி நாடா என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அந்த நாளில்தான் என் மூத்த மகள் விசாலத்துக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்கிற ஊரில், கப்பல் சாமானை ரயிலுக்கு இறக்குகிற இடத்தில் மண்டோராக, அதாவது கூலிகளுக்கு மேஸ்திரியாக இருந்த வயிரவன் என்பவர் தன் மகனுக்குக் கேட்டார். அளவான குடும்பம், சொந்த வீடு. மாப்பிள்ளைப் பையன் ரயிலில் வேலை பார்த்தான். தாய்மாமன் மானுவாரில் இருக்கிறாராமே என்று வயிரவன் கேட்டபோது நான் நாடாவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை முடிந்து தாய்மாமன் வந்ததும் பரிசம் போடலாம் என்று முடிவானது. எங்களில் தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்து அழைத்துவராமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள்.

வெள்ளையன் வருவதற்கு ஒரு வருஷம் முந்தியே கமாலுதீன் ஊருக்கு வந்துவிட்டார். ஒருநாள் மத்தியானம் என் கடைக்குக் கைலித் துணி எடுக்க வந்தவர், என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்கதான் அந்த அத்தானா? உங்க கடுதாசிய நான்தான்ணே கப்பல்ல படிச்சுக் காட்டினேன். எங்க ஆளுங்களுக்கெல்லாம் மேல இருந்த செராங்கு பொல்லாத மனுஷன், அவரே கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. டோப்பாஸ் வேலைய இவ்வளவு பெருமையா எழுதுற குடும்பத்த நான் பாத்ததில்லைன்னாரு.”

“டாப் பாஸ்னா லேசான காரியமா?” என்றேன் நான்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

“லேசா? நல்லாக் கேட்டீங்க. கப்பல் முழுக்க கக்கூஸ் கழுவணும். ஆஸ்பத்திரிக் கப்பல் வேற. பஸ்ராவுல ஏத்துற ஆளுங்களுக்கு வயித்தால போகும், எந்திரிக்க முடியாது. வாளி எடுக்கிறது, ரத்தம் வாந்தி அள்ளுறது, எல்லாம் அவன்தான். மத்தவனுங்க அவன்கூட உக்காந்து திங்க மாட்டானுங்க. நான் தனியா சோறு போட்டுக் குடுப்பேன்.”

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. துணியைக் கோணலாகக் கிழித்துவிட்டேன். நாற்பது வருஷத்தில் நான் கோணலாகக் கிழித்த துணி அது ஒன்றுதான். டோப்பாஸ் என்றால் கப்பல் தோட்டி. இது துறைமுகத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சொல். மூன்று வருஷமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகமெல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து நின்றது. வெள்ளையனை நினைத்து எனக்கு அப்போது மனம் இளகவில்லை. என்னை இப்படி ஆக்கிவிட்டானே என்றுதான் இருந்தது. அவன் எதையும் மறைத்து எழுதவில்லை என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. விநாசித்தம்பியரிடமும் சொல்லவில்லை. தொப்பி நாடாவைக் கழற்றினால் கேட்பார்களே என்று அதையும் கழற்றவில்லை.

1919 ஆவணியில் வெள்ளையன் வந்தான். முப்பத்தொரு வயதுதான், முன்தலை நரைத்திருந்தது. கையில் ஒரு தகரப் பெட்டி. அலமேலு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் காப்பி கொண்டுவர உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அத்தான், உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். பம்பாய்ல கப்பல் நின்னப்ப ஓடிடலாம்னு இருந்தேன். ஓடுறதா இல்ல கடல்ல விழுறதா, அதுதான் யோசனை. ஊருல போயி எப்படி மொகத்தக் காட்டுறதுன்னு. அப்பதான் உங்க கடுதாசி வந்துச்சு. பெருமைன்னு எழுதியிருந்தீங்க பாருங்க. கமாலுதீன் பாய மூணு தரம் படிக்கச் சொன்னேன். அதுக்கப்பறம் எவன் மூஞ்சியத் திருப்பினாலும் எனக்கு ஒன்னும் ஆகல.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தம்பி, தப்பாக வாசித்துவிட்டோம், அக்காவுக்கு இன்னும் தெரியாது, சம்பந்தி வீட்டுக்கும் தெரியாது, நீ பார்த்து நடந்துகொள் என்று நாலு வார்த்தை. அவன் முகத்தைப் பார்த்தபோது வாய் வரவில்லை. பரிசம் போட இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் நான் அவன் கண்ணில் படாமல் கடையிலேயே கிடந்தேன்.

பரிசத்தன்று காலை பத்து மணிக்கு வயிரவன் வீட்டார் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தட்டு மாற்றியாயிற்று. விநாசித்தம்பியர் கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயிரவன் வெள்ளையனைப் பார்த்து, “மச்சான் சண்டைக்கெல்லாம் போயிட்டு வந்திருக்காரு. என்னென்ன கொண்டாந்தீங்க, நாங்களும் பாக்கலாம்ல?” என்று கேட்டார்.

வெள்ளையன் சந்தோஷமாக எழுந்துபோய்த் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தான். குண்டின் பித்தளைக் கூடு ஒன்று, சிப்பாய் பொத்தான் ஒரு பிடி, பஸ்ரா பேரீச்சங்கொட்டையில் கோத்த மாலை ஒன்று, பிறகு நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு எந்தக் கப்பல், என்ன வேலை, நடத்தை எப்படி என்று எழுதிக் கொடுக்கிற புத்தகம் அது.

“கிராணி ஐயாவே படிச்சுச் சொல்லட்டும்” என்றார் வயிரவன்.

விநாசித்தம்பியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணீரென்று வாசித்தார். பெயர், ஊர், வயது. பிறகு நின்றார். புத்தகத்தில் அந்தச் சொல் இங்கிலீஷில், ஒரே சொல்லாக, சேர்த்து எழுதியிருந்தது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு ஏற்கனவே தெரியும் என்பதும் விளங்கிவிட்டது.

“உத்தியோகம், டொப் பாஸ்” என்று வாசித்தார். “நடத்தை, வெரி குட்.”

அவர் அதோடு விட்டிருந்தார். நானும் மூச்சு விட்டேன். வெள்ளையன்தான் சிரித்துக்கொண்டே திருத்தினான்.

“ஐயா பிரிச்சுப் படிக்கிறாங்க. டோப்பாஸ். ஒரே சொல்லு.” வயிரவன் பக்கம் திரும்பி, “கக்கூஸ் கழுவுற வேலைங்க. அடிபட்டு வர்றவங்களுக்கு ஒடம்பு கழுவித் தொடச்சு விடுறதும் நான்தான். அந்தா மாட்டியிருக்கே நாடா, அது ஒரு மானுவார்க்காரப் பையனோடது. பதினெட்டு வயசு இருக்கும். ஒம்பது நாள் கழுவி விட்டேன். பொழைக்கல. போகும்போது குடுத்துட்டுப் போனான்” என்றான்.

வயிரவனுடைய தங்கை சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனதை நான் பார்த்தேன். விசாலம் உள்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். என் மகள் வாழ்வு இந்த நிமிஷத்தில் போயிற்று என்று நினைத்தேன். அப்போது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

“சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. கப்பல்ல சாராயம் பழகிட்டான். காலையிலேயே கொஞ்சம் போட்டுட்டு என்னமோ வெளாட்டுப் பேச்சுப் பேசுறான்” என்றேன்.

வெள்ளையன் வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் தோளைப் பிடித்து எழுப்பிப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று ஒருதரம் உதறியிருந்தால்கூட எனக்கு இன்று கொஞ்சம் தேவலையாக இருக்கும். பிள்ளைபோலக் கூட வந்தான்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்று கேட்டான். “அத்தான், அப்ப உங்களுக்குத் தெரியாதா?”

“கமாலுதீன் சொல்லித் தெரியும்.”

“அதுக்கு முந்தி? என்னன்னு நெனச்சு எழுதினீங்க?”

சொன்னேன். டாப் பாஸ், சோதினை, கறுப்பு மை, எல்லாம் சொன்னேன். முதலில் அவன் சிரித்தான். நிஜமாகவே சிரிப்பு வந்து, தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு அது நின்றுபோய்விட்டது.

“அக்காவும் அப்படித்தான் நெனச்சிருந்தாங்களா?”

“ஆமா.”

“சரி.” வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். “அப்ப நான் கெளம்புறேன். அவங்க போறவரைக்கும் நான் இங்க நிக்கிறது சரியில்ல.”

“இப்படிப் போயிடு” என்று சொன்னேன். முன்வாசல் வழியாகப் போனால் சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு குறுகிய கதவு உண்டு. கக்கூஸ் வாளி எடுக்கிற ஆள் பின் சந்து வழியாக வந்துபோகிற கதவு. அந்தக் கதவை நானே திறந்துவிட்டேன். அவன் குனிந்து வெளியே போனான்.

விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு அலமேலு வந்து என் முன்னால் நின்றாள். கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“எங்க அவன்?”

“வருவான்.”

“கழுவினதுல என்ன வந்துச்சு? உங்க ஆத்தா படுத்தபடுக்கையா ஆறு மாசம் கெடந்தப்ப யாரு கழுவினா? என்னையும் குடிகாரின்னு சொல்லி அந்தக் கதவு வழியாத் தள்ளுங்க.”

 

வெள்ளையன் வரவில்லை. கல்யாணத்துக்கு அலமேலுவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைத் தைப்பிங்கிலிருந்து அழைத்துவந்து தாய்மாமன் இடத்தில் நிறுத்தினோம். வெள்ளையன் மறுபடி கப்பலுக்குப் போய்விட்டான் என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் நம்பினார்கள். அவன் கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில்தான் இருந்தான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தோட்டியாகச் சேர்ந்திருந்தான். வேறு வேலையே கிடைக்காமலா என்று அலமேலுவிடம் ஒருமுறை கேட்டேன். “அவனுக்குத் தெரிஞ்ச வேலை, செய்யிறான்” என்றாள். மாதம் ஒருமுறை படகில் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போவாள், கேட்டுக்கொண்டு போகமாட்டாள்.

விநாசித்தம்பியர் அதன்பிறகு எங்கள் வீட்டுக்குக் கடிதம் எதுவும் வாசிக்க வந்ததில்லை. வேலியோரம் ஒருநாள், “முத்துவீரப்பர், பிழை என்னுடையது” என்று ஆரம்பித்தார். நான் கேட்காததுபோல் உள்ளே போய்விட்டேன். அவருடைய பிழை ஒரு சொல்லோடு முடிந்துபோன பிழை.

1922இல் என் விலாசத்துக்குச் சர்க்கார் தபாலில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே வெள்ளையனுக்கான சண்டை மெடல், வெண்கலத்தில். விளிம்பில் அவன் பெயர். அதை அன்றைக்கே அலமேலுவிடம் கொடுத்திருந்தால் அடுத்த படகில் அவன் கையில் சேர்ந்திருக்கும். நானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று நினைத்து என் பெட்டியில் வைத்தேன். போகவில்லை. அப்படியே நான்கு வருஷம் வைத்திருந்தேன்.

என்னைப் போகவைத்தவர் வயிரவன். விசாலத்தின் இரண்டாவது பிள்ளைக்குப் பெயர் வைக்கப் பிறைக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்.

“சம்பந்தி, நானும் இத்தன வருஷமா கேக்கணும்னு இருந்தேன். உங்க மச்சானை ஏன் அன்னைக்கு அப்படிப் பண்ணீங்க?”

“எப்படி?”

“என்ன எப்படி? நான் பிறையில முப்பது வருஷமா கப்பல் சாமான் எறக்குறவன். எனக்கு டோப்பாஸ் தெரியாதா? நீங்க மொதல்ல நாடாவக் காட்டி டாப் பாஸ்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பாவம், தெரியாம சொல்றாருன்னு விட்டுட்டேன். பொண்ணு நல்ல பொண்ணு, அதுக்குத்தான் வந்தோம். புஸ்தகத்தப் பாக்கலாம்னது ஒரு மரியாதைக்குத்தான். அந்த மனுஷன் எவ்வளவு நெஞ்ச நிமித்திச் சொன்னாரு. நீங்க குடிகாரன்னுட்டீங்க. நாங்க வீட்டுக்குப் போயும் அதைத்தான் பேசினோம், நல்லா இல்லேன்னு.”

வெற்றிலை என் வாயில் அப்படியே இருந்தது. யாருக்குப் பயந்து அவனைத் தள்ளினேனோ அவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவர்கள் கண்ட குறை நான்.

மறுவாரம் மெடலை மடியில் கட்டிக்கொண்டு படகேறினேன். பாகான் டாலாமில் பலகை வீடு. வெள்ளையன் வாசலில் உட்கார்ந்து கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்க்கிறான்.

“வாங்க அத்தான். அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?” என்றுதான் முதலில் கேட்டான். நான் வேறு எதற்கும் வருவேன் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மெடலைக் கொடுத்தேன். எப்போது வந்தது என்று கேட்டான். நாலு வருஷம் ஆச்சு என்றேன். விளிம்பில் தடவிப் பார்த்தான். “எந்த எழுத்து என் பேரு?” என்று கேட்டான். எனக்கும் இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பிறகு அதை ஊறுகாய் ஜாடி மூடியின்மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்தான்.

“வெள்ளையா, நான் செஞ்சது பெரிய தப்பு” என்றேன் அவன் முதுகைப் பார்த்து.

அவன் திரும்பவில்லை. “தப்புத்தான் அத்தான். நீங்க தப்பாப் படிச்சத நான் சொல்லல. கமாலுதீன் பாய் சொன்ன நாளுலேருந்து ஒரு வருஷம் இருந்துச்சு. அப்பறம் ஆறு நாள் நான் உங்க வீட்டுலயே இருந்தேன். அதைத்தான் சொல்றேன்” என்றான். “சீனி போடவா?”

“போடு.”

குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னேன். இளையவள் முத்தம்மைக்கு அடுத்த வருஷம் கல்யாணம். தாய்மாமனாக நீதான் நிற்கவேண்டும் என்றேன். குடித்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

“வர்றேன். ஆனா யாராச்சும் என்ன வேலை பாக்குறேன்னு கேட்டா சொல்லுவேன்.”

“சொல்லு. நீ சொல்றதுக்கு முந்தி நானே சொல்றேன்.”

வந்தான். வெளுத்த வேட்டி கட்டி, முன்வாசல் வழியாக வந்தான். முத்தம்மைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவந்தான். அலமேலு அன்று முழுக்க அவனைவிட்டு நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, “இவங்கதான் தாய்மாமனா?” என்று கேட்டுக் கும்பிட்டார்கள். “ஆமா, என் மைத்துனர் வெள்ளையன்” என்று சொன்னேன். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பாகான் டாலாமில் இருக்கிறாராம் என்று ஒருவர் சொன்னார், அப்படியா என்று இன்னொருவர் தலையாட்டினார். வெள்ளையன் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தான். கேட்டால் சொல்லிவிடலாம் என்று நானும் வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். முந்தி சொல்கிறேன் என்றவன் நான். யாரும் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்து, அவன் சாயங்காலப் படகுக்குப் போகும்வரைக்கும் நான் சொல்லவில்லை.